வதா, பெண்பால்

திருத்துறைப்பூண்டியில் யூரியாக் கடை மாடி.
ஏழு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் கஸான் நகரத்துப் பனி.
கீழிருந்து படியேறி வரும் உரவாடையில்
இறந்தகாலம் படிக்கிறோம்.

சுலபம் என்றது ஒலிப்பதிவு.
வினையின் வாலை வெட்டு, ஒரு 'ல்' ஒட்டு, அவ்வளவுதான்.
நானா நீயா அவனா, அந்த 'ல்'லுக்குக் கவலையில்லை.
ஆணா பெண்ணா என்பதுதான் கவலை.

ஒலிப்பதிவில் பேசியவன் ஆண்.
அவன் சொன்னதை அப்படியே சொல்லி
மூன்று வாரம் நான்
ஆணாகவே சாப்பிட்டேன், ஆணாகவே தூங்கினேன்,
ஆணாகவே புரிந்துகொண்டேன்.
ஓரன்பர்கில் மூன்றாம் வருடம் படிக்கும் கூத்தாநல்லூர் ஹிதாயா
குரல்செய்தியில் விழுந்து விழுந்து சிரித்தாள்.
"ஏண்டி, 'போன்யல்' இல்ல, 'பன்யலா'.
மீசைய எடுத்துட்டுப் பேசு."

தமிழில் 'வந்தேன்' என்றால் போதும்.
அந்த 'ஏன்'னுக்குள் யார் வேண்டுமானாலும் ஒளியலாம்.
அங்கே நேற்றைப் பற்றி வாய் திறந்தாலே
பெண் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

அடுத்த பாடம்தான் ஆளைக் கொன்றது.
ஒரே வினைக்கு இரண்டு உடம்பு.
புத்தகம் ஜன்னலைத் திறந்து மூடிக் காட்டியது,
மண்டையில் ஏறவில்லை.
தண்ணீரை வைத்துப் பார்த்தேன்.

எங்களுடையது கடைமடை.
முள்ளியாற்றில் முறைவைத்து விடுவார்கள்,
ஆறு நாள் திறப்பு, ஆறு நாள் அடைப்பு.
ஷட்டர் தூக்கியதை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு
வாய்க்காலுக்கு ஓடினால்
நண்டு வளை வாய்வரைக்கும் ஈரம், அதற்குமேல் வெடிப்பு.
வதா ப்ரிஹதீலா: தண்ணீர் வந்தது, இப்போது இல்லை.
வதா ப்ரிஷ்லா: வந்தது, இதோ நிற்கிறது, செருப்பைக் கழற்று.
(வதா அங்கே பெண்பால்.
நாம் ஆற்றுக்குப் பெண் பெயர் வைத்துவிட்டு
அது வந்துச்சா, அது வரலையா என்கிறோம்.)

அப்பாவிடம் சொன்னேன்.
சாக்கை உதறி மடித்துக்கொண்டே கேட்டார்.
"நமக்கு எப்பவும் அந்த மொதச் சொல்லுதான்."

பயிற்சி பதினான்கில் அந்த வரி இருந்தது.
ஸ்தவாலா: தேர்வு எழுதினாள்.
ஸ்தலா: தேர்வில் தேறினாள்.
மூன்று வருடம், மூன்று மே மாதம்,
திருவாரூரில், தஞ்சாவூரில், மறுபடி தஞ்சாவூரில்
தோட்டைக் கழற்றி அம்மா கையில் கொடுத்துவிட்டு
உள்ளே போன நான்
ஸ்தவாலா, ஸ்தவாலா, ஸ்தவாலா.
"எழுதினேன்" என்று சொன்னதும்
"அப்புறம் என்னாச்சு?" என்று தெருவில் யாரும்
கேட்கத் தேவையே இல்லாத மொழி.

நம்மிடமும் இருக்கிறதே என்று இரவெல்லாம் தேடினேன்.
படித்தேன், படித்துவிட்டேன்.
ஆனால் நம் 'விட்டேன்'
முடித்ததற்கும் அதுதான், கைவிட்டதற்கும் அதுதான்.

தெற்குவெளியில் மூன்று மா.
தையிலிருந்து அப்பா பிரதவால்,
விற்றுக்கொண்டே இருந்தார், விலை படியவில்லை.
தரகர் தட்சிணாமூர்த்தி வந்து டீ குடித்துவிட்டுப் போவார்.
பிரதால் என்றால் விற்றே விட்டார்.
சின்ன வித்தியாசம். நடுவில் ஒரு 'வ'
இருக்கிறது, அல்லது இல்லை.

வியாழக்கிழமை ஏழு மணிக்கு வண்டிச் சத்தம்.
கால் கழுவினார்.
சட்டையை ஆணியில் மாட்டினார்.
ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
அம்மா நீட்டிய சொம்பை வாங்கிய கையில்
பெருவிரல் மட்டும் ஊதா.

"இன்னக்கி என்ன பாடம்?" என்றார்.

"அதேதாம்ப்பா," என்றேன்.
"இன்னும் முடிக்கல."